குழலுக்கு அடியில் ஒரு பொட்டு

போன கிழமை, என் பழைய கடையில் தொழில் பழகும் நம் பிள்ளைகள் நீங்கள் மூன்று பேரும் என்னிடம் கேட்டது நேரான கேள்வி. பழைய ரிவால்வர் ஒன்று மேசைக்கு வந்தால், அதை வாங்குவதற்கு முன் எங்கே பார்க்க வேண்டும்? பதில் உங்கள் பள்ளிக்கூடத்துப் புத்தகத்திலேயே இருக்கிறது. குண்டு போடும் உருளையைத் திற, வெறுமை என்று இரண்டு தரம் உறுதி செய், துடை, வெளிச்சத்தில் பிடி, பூதக்கண்ணாடியால் பார். இதைச் சொல்லித்தர ஓய்வு பெற்ற கிழவன் ஒருவன் தேவையில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று நன்றாகத் தெரிந்திருந்தும் பார்க்காமல் விட்டவன் நான். அதைத்தான் எழுதுகிறேன். படித்து முடித்ததும் என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் எனக்குச் சம்மதம். நான் நினைப்பதைவிட மோசமாக நினைக்க உங்களால் முடியாது.

அலுமினியக் கலவையில் உடல் செய்த ரிவால்வர்களைப் பற்றிய கதை இது. கையில் எடுத்தால் எடையே தெரியாது, அதனால்தான் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். இரும்பு தேய்ந்து ஆடித் தன் குறையைத் தானே சொல்லிவிடும். அலுமினியம் கடைசி வரை வாய் திறக்காது. குழல் உடலுக்குள் திருகி இறங்கும் இடத்தில், அடிப்பக்கத்தில், சுவர் மிக மெல்லியது. வெடிப்பு விழுந்தால் பெரும்பாலும் அங்கேதான் விழும். உருளையைத் திறந்து தலைகீழாகப் பிடித்தால்தான் அந்த இடம் கண்ணில் படும். மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அதை மட்டும் விட்டால், ஒன்றுமே பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

நான் வேலை செய்த துப்பாக்கிக் கடை, பிரெஞ்சுத் தலைநகரில், லாச்சப்பல் மெற்றோ ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. நம் சனம் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு போகும் தெருவுக்குப் பின்னால் இருந்தது. வேட்டைக்காரர்களும் கிளப்புகளில் குறிபார்த்துச் சுடுபவர்களும் வருவார்கள். நான் அங்கே நிலம் துடைக்கத்தான் சேர்ந்தேன். யாழ்ப்பாணத்தில் கடைசல் பட்டறையில் நின்றவன் என்பதை என் கை சொல்லியிருக்க வேண்டும். முதலாளி ஒருநாள் துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டு அரத்தைத் தந்தார். அவரை எல்லோரும் பத்ரோன் என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேசமாட்டார். விற்பவனைப் பார்க்காதே, பொருளைப் பார் என்பது மட்டும்தான் அவர் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது.

நம் ஆட்களிடம் தையல் மெசின் திருத்தும் வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். ஊரில் துவக்கால் நடந்ததெல்லாம் நடந்த பிறகு, துவக்குக் கடையில் வேலை என்று எந்த வாயால் சொல்வது? அதனால் இரண்டு பேர் உண்மையாகவே தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அதையும் திருத்திக் கொடுத்தேன்.

2009ஆம் ஆண்டு. போர் முடிந்து ஐந்து மாதம் ஆகவிருந்தது. என் தங்கச்சி வவுனியாவில் முகாமில் இருந்தாள். அவளுடைய கணவர் மே மாதத்தில் இராணுவத்திடம் சரணடைந்தவர். அவள் கண் முன்னால் பஸ்சில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. யாரோ ஒருவரின் தொலைபேசியிலிருந்து இரண்டு நிமிடம் பேசக் கிடைத்தபோது அவள் என்னிடம் கேட்டது இது.

"அண்ணை, இஞ்சை எல்லாரும் என்ர நெத்தியைத்தான் பாக்கினம். நான் பொட்டு வைக்கிறதோ, அழிக்கிறதோ?"

"வை," என்றேன். "அவர் வருவார். நீ அழிக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்."

என்ன தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் அந்த ரிவால்வர் வந்தது.

கொண்டு வந்தவருக்கு எழுபது வயதுக்கு மேல். கோட்டு, கழுத்தில் மடித்துக் கட்டிய சால்வை, பளபளவென்ற சப்பாத்து. என் முகத்தைப் பார்த்ததும் பிரெஞ்சை விட்டுவிட்டார்.

"நீ சிலோன் தம்பியா? நமக்குப் புதுச்சேரி. சொல்தா. இருபத்திரெண்டு வருஷம் பிரெஞ்சு ஆர்மி. இப்போ எபினேல இருக்கேன்."

பிரெஞ்சுப் படையில் சேவை செய்து ஓய்வு பெற்றவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள். நான் அவரை ஐயா என்றேன். கிளப்பில் சுடுவதற்காக அனுமதி எடுத்து வாங்கிய ரிவால்வர். கை நடுங்கத் தொடங்கிவிட்டதால் விற்க வந்திருந்தார்.

"கிளப்புல சின்னப் பசங்க முன்னாடி மானம் போவுது தம்பி. அதான் குடுத்துடலாம்னு."

உருளையைத் திறந்தேன். வெறுமை. தலைகீழாகப் பிடித்தேன். குழல் இறங்கும் இடத்தில், நான் பார்க்க வேண்டிய அந்த இடத்திலேயே, காய்ந்த சந்தனமும் அதன் நடுவில் குங்குமமும் இருந்தன.

"போன வாரம் ஆயுத பூஜைக்கு வச்சது," என்றார். "வெளிய வச்சா கிளப்புல வெள்ளக்காரன் சிரிப்பான். அதான் உள்ள. வாங்கின வருஷத்துலேந்து அதே எடந்தான்."

எண்ணெய்த் துணி என் கையில் இருந்தது. ஒரு தரம் இழுத்தால் போய்விடும். துணியைக் கிட்டக் கொண்டு போனேன். அழிக்கக் கூடாது என்று இரண்டு நாளைக்கு முன் சொன்னவனே இப்போது குங்குமத்தை அழிக்கப் போகிறேன். துணியை மேசையில் வைத்துவிட்டேன். இதை எந்தப் பிரெஞ்சுக்காரரிடமும் என்னால் விளக்க முடிந்ததில்லை. உங்களுக்கு விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். உலோகத்தில் இருக்கும் ஒரு பொட்டை அழித்தால் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒருத்தியின் நெற்றி வெறுமையாகிவிடும் என்று அந்த நேரம் நான் நம்பினேன்.

பொட்டைச் சுற்றிப் பார்த்தேன். கீழே பார்க்கவில்லை. மற்றதெல்லாம் சுத்தம். ஒரு நல்ல மனிதர் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்ட பொருள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்ரோனின் ஒரே சட்டத்தை மீறி, விற்பவரைப் பார்த்துவிட்டேன்.

"முழுதும் பார்த்தாயா?" என்று பத்ரோன் கேட்டார். பார்த்தேன் என்றேன். பரிசோதனைத் தாளில் கையெழுத்தும் போட்டேன். விற்பனைக்கு வைத்தபோது வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து எண்ணெய் போட்டேன்.

ஒரு மாதத்தில் அது விலைபோனது. வாங்கியவர் சென் தெனியில் முடி வெட்டும் கடை வைத்திருந்தவர். ஆறு நாளும் கத்தரியோடு நிற்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை கிளப்புத்தான் பொழுதுபோக்கு. பிரெபெக்சர் என்ற அரச அலுவலகம் தந்த அனுமதியை நான்கு தரம் காட்டினார், அவ்வளவு சந்தோசம்.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை மதியம் கடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன். கடை நிறைய ஆட்கள். பத்ரோன் எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றார்.

"உள்ளே சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது, துடைத்துவிட்டேன்," என்றார். "அதற்குக் கீழே ஒரு கோடு தெரிகிறது. முதலில் தலைமுடி என்று நினைத்தேன், என் தொழில் அப்படி. ஊதிப் பார்த்தேன். போகவில்லை."

எனக்கு அந்த நொடியிலேயே தெரியும். இதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் எனக்காக வாதாட வேண்டாம். சந்தேகம் வந்தது, யோசித்தேன் என்பதெல்லாம் பொய். வெடிப்பு என்று எனக்குத் தெரியும். சுடாதீர்கள், கொண்டு வாருங்கள் என்று சொல்ல மூன்று சொல் போதும். சொன்னால் பக்கத்தில் நிற்கும் பத்ரோன் ஏன் என்று கேட்பார். துடைக்காமல் கையெழுத்துப் போட்டது வெளியே வரும். வேலை போகும். அப்போது நான் பத்து வருட வதிவிடக் கார்ட்டில் இருந்தேன். நாட்டுரிமைக்குப் போட்ட விண்ணப்பம் பிரெபெக்சரில் கிடந்தது. அந்த வருடத்தில், துவக்கு விசயத்தில் பொய் சொன்ன ஒரு யாழ்ப்பாணத்தானை அவர்கள் எந்தக் கண்ணால் பார்ப்பார்கள் என்று எனக்குக் கற்பனை செய்யத் தேவையிருக்கவில்லை.

"செ ரியான், முசியே," என்றேன். ஒன்றுமில்லை என்றேன். "பழைய கறை. எண்ணெய் போட்டு நன்றாகத் துடையுங்கள்."

நன்றி சொல்லிவிட்டு வைத்தார். அடுத்த கிழமை கூப்பிட்டு, சுத்தம் செய்து தருகிறேன் என்று ஏதாவது சாட்டுச் சொல்லி வரவழைத்து, பத்ரோனுக்குத் தெரியாமல் சரிக்கட்டிவிடலாம் என்று திட்டம் போட்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்பது நினைவில் இல்லை. நினைவில் இல்லை என்று இத்தனை வருடமாகச் சொல்லி வருகிறேன்.

ஞாயிறு காலையிலேயே கிளப்பில் அது பிளந்தது. இடது கைப் பெருவிரலின் மேல்கணு போய்விட்டது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. முடி வெட்டுகிறவருக்கு இடது பெருவிரல் என்ன என்பது, அடுத்த முறை உங்களுக்கு முடி வெட்டும்போது கண்ணாடியில் பார்த்தால் தெரியும்.

காப்புறுதிக் கம்பனி ஒரு நிபுணரை அனுப்பியது. அவர் அறிக்கை எழுதினார். வெடிப்பு பழையது. வெடிப்புக்குள் மரத்தூள் குழம்பும் சிவப்புச் சாயமும் இருக்கின்றன. குறையை மறைப்பதற்காக விற்றவர் அதை அடைத்திருக்கிறார். சாதாரணப் பரிசோதனையில் தெரியாதபடி செய்திருக்கிறார்.

அந்தக் கடைசி வரி என்னைக் காப்பாற்றியது. பத்ரோன் அதை எனக்கு வாசித்துக் காட்டி, "உன்மேல் பிழையில்லை," என்று தோளில் தட்டினார். நான் அரத்தை எடுத்து வேலையைத் தொடர்ந்தேன்.

பழி முழுவதும் எபினேயில் இருந்த சொல்தா ஐயாமேல் விழுந்தது. பொலிஸ் வீட்டுக்குப் போய், அவரிடம் மீதியிருந்த வேட்டைத் துவக்கையும் அனுமதிப் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு போனது. ஏமாற்றி விற்று ஒருவரை ஊனமாக்கினார் என்று வழக்குப் பதியப் போவதாகப் பேச்சு. அவருடைய நல்ல பெயர் இப்போது என் நாக்கில்தான் இருந்தது. அது சந்தனம், அது பூசை, அதைப் பார்த்தும் துடைக்காதவன் நான் என்று சொல்லக்கூடிய சாட்சி உலகத்தில் என்னைத் தவிர ஒருவருமில்லை.

அவர் கடைக்கே வந்தார். அதே கோட்டு. சப்பாத்து பளபளக்கவில்லை. பத்ரோன் கல்லாவுக்குப் பின்னால் நின்றார். ஐயா அவரைப் பார்க்காமல் நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, நான் வெடிப்ப மறைச்சேனாம். பசை போட்டு அடைச்சேனாம். ஆயுத பூஜைக்கு வச்சதுன்னு உன்கிட்ட சொன்னேனே. நீதானே பாத்தே. இவருக்குச் சொல்லு தம்பி. நான் பிரெஞ்சுல சொன்னா பொய் சொல்றேன்னு நெனைக்கிறாங்க."

"என்ன கேட்கிறார்?" என்றார் பத்ரோன்.

பத்ரோனுக்குத் தமிழ் தெரியாது. ஐயாவுக்குப் பிரெஞ்சு தெரியும். ஐயாவிடம் தமிழில், "நீங்கள் இப்ப போங்கோ ஐயா, நான் கதைக்கிறன்," என்றேன். பிறகு பத்ரோன் பக்கத்தில் போய், ஐயாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திப் பிரெஞ்சில், "மன்னிப்புக் கேட்டு வந்திருக்கிறார்," என்றேன்.

ஐயாவுக்குக் கேட்டதோ இல்லையோ தெரியாது. என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். சால்வையை இழுத்து மூடிக்கொண்டு வெளியே போனார். நான் செய்தவற்றிலேயே ஆகக் கேவலமானது எது என்று கேட்டால், வெடிப்பையும் தொலைபேசியையும் தாண்டி, இதைத்தான் சொல்வேன். என்னை நம்பி என் மொழியில் பேசிய மனிதரை அந்த மொழியை வைத்தே விற்றேன்.

ஒன்பது நாள் அப்படியே போனது. சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், மேசைக்கு வந்த எல்லாவற்றையும் தோல் உரியத் துடைத்தேன். பத்தாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரம் தங்கச்சி கூப்பிட்டாள். கணவரைத் தேடி மனுக் கொடுக்கப் போயிருக்கிறாள். சரணடைந்ததை யார் பார்த்தது, சாட்சி கொண்டு வா என்று கேட்டிருக்கிறார்கள்.

"அந்த பஸ்சை எத்தினை பேர் பாத்தவை, அண்ணை. பக்கத்திலை நிண்டவையும் இப்ப ஒண்டும் தெரியாது எண்டினம். பயமாம். பாத்த ஆக்கள் வாய் திறந்தாத்தானே என்ர மனுசன் இருந்தவர் எண்டாவது ஆகும்."

"அண்ணை, லைனிலை நிக்கிறியளோ?" என்றாள். நிற்கிறேன் என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த பாண் துண்டை அப்படியே மேசையில் விட்டு, பத்ரோனிடம் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், குங்குமம், தங்கச்சி, தொலைபேசி, மன்னிப்புக் கேட்க வந்தார் என்று மாற்றிச் சொன்னது. கேட்டு முடித்ததும் அவர் அலுமாரியைத் திறந்தார். நான் கையெழுத்துப் போட்ட பரிசோதனைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"துடைக்காததை நான் மன்னிப்பேன்," என்றார். "என் மனைவி இறந்த கிழமையில் நானும் ஒன்றைத் தவறவிட்டேன். ஆனால் அந்த மனிதர் தொலைபேசியில் உன்னிடம் கேட்டார். கேட்டவரிடம் ஒன்றுமில்லை என்றாய்."

அன்றே வேலை போனது. மறுநாள் பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தேன். சந்தனம் என்றால் என்ன, அதை ஏன் ஆயுதத்துக்கு வைப்பது, ஏன் என்னால் அழிக்க முடியவில்லை என்று மூன்று தரம் சொன்னேன். எழுதிய அதிகாரி ஒரு கட்டத்தில் நிமிர்ந்து பார்த்து, துவக்கு பிடிக்க எங்கே பழகினீர்கள் என்று கேட்டார். நான் பயந்த கேள்விதான், வந்தே விட்டது. பழைய கடைசல் பட்டறையைப் பற்றிச் சொன்னேன். நம்பினாரோ இல்லையோ, எழுதிக்கொண்டார். நாட்டுரிமை விண்ணப்பத்தை இரண்டு வருடம் தள்ளி வைத்தார்கள். கார்ட் பறிபோகவில்லை.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வருடம் ஓல்னேயில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கினேன். பத்ரோன் திரும்பக் கூப்பிட்டார். அந்தப் பரிசோதனைத் தாளை என் வேலை மேசைக்கு நேரே சுவரில் ஒட்டி வைத்திருந்தார். ஓய்வு பெறும் வரை அதற்கு முன்னால்தான் வேலை செய்தேன். நீங்கள் சேர்ந்தபோது அதைப் பார்த்துவிட்டு இதென்ன பழைய கடதாசி என்று கேட்டீர்கள். இதுதான்.

முடி வெட்டுகிறவரையும் போய்ப் பார்த்தேன். கடையில் வேறு ஒருவரை வைத்து நடத்திக்கொண்டிருந்தார், தான் கல்லாவில். திட்டவில்லை. "நீங்கள் சொன்னபடி எண்ணெய் போட்டு நன்றாகத் துடைத்தேன்," என்று மட்டும் சொன்னார்.

தங்கச்சி இன்றைக்கும் பொட்டு வைக்கிறாள். அவர் வரவில்லை.

உங்களுக்கு என்ன சொல்ல? மேசைக்கு வரும் பொருளில் திருநீறு இருக்கும், சிலுவை செதுக்கியிருக்கும், செத்த மகனின் பெயர் இருக்கும். கொண்டு வந்தவரிடம் முதலில் கேளுங்கள், துடைக்கலாமா என்று. வேண்டாம் என்றால் மரியாதையாகத் திருப்பிக் கொடுங்கள். சரி என்றால் துடையுங்கள், உலோகம் தெரியும் வரை. அதற்கும் மேலாக, யாராவது கூப்பிட்டு ஒரு கோடு தெரிகிறது என்றால், பக்கத்தில் யார் நின்றாலும், கடை எரிந்தாலும், சுடாதீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். உங்கள் வேலையைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

சொல்தா ஐயாவின் வழக்கைக் கைவிட்டார்கள். எடுத்துப்போன துவக்கைத் திருப்பிக் கொடுக்கப் பத்து மாதம் ஆனது. அதற்குள் கிளப்பில் அவர் பெயரை வெட்டிவிட்டிருந்தார்கள். அவர் குற்றமற்றவர் என்று அங்கே போய்ச் சொல்ல வேறு யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, நான் போய்ச் சொன்னேன், சந்தனத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

எபினேயில் அவருடைய வீட்டுக்குப் போனபோது கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன். ஏன் துடைக்கவில்லை என்பதையும் சொன்னேன், தங்கச்சியைப் பற்றியும் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடப்பாவி," என்றார், கோபமே இல்லாமல். "வெறும் பொட்டுதானே. நீ அழிச்சிருந்தா நான் வீட்டுக்குப் போயி வேற ஒண்ணுத்துக்கு வச்சிருப்பேன். என் பேர அழிச்சிட்டியே தம்பி. அத நான் எதுல வைக்கிறது?"

அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். சத்தம் வராமல், மெதுவாகக் கதவைச் சாத்தினார்.